ஜவ்வாது மலையில் தாத்தா சுட்ட முதல் கரடி: அது நடந்திருக்குமா?

கேள்வி: ஆலங்காயத்தில் வாழ்ந்த என் தாத்தா, 1950களின் நடுவில் ஜவ்வாது மலையில் தன் முதல் கரடியைச் சுட்டதாக வீட்டில் சொல்வார்கள். பாறை இடுக்குக்கு மேலே காத்திருந்து, விடியற்காலையில் ஒரே குண்டில் வீழ்த்தினாராம். இது நடக்கக்கூடியதா? அன்று அது சட்டப்படி சரியா? இன்று யாராவது அப்படி வேட்டையாட முடியுமா? அந்தக் கரடியின் நகங்கள் கோத்த சங்கிலி இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

பதில்:

நடந்திருக்கும். பாறை இடுக்கு, விடியற்காலை, ஒரே குண்டு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கதை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நள்ளிரவையும் குகைக்குள் கட்டிப் புரண்டதையும்தான் சொல்வார்கள். இன்று அப்படி வேட்டையாட முடியாது. அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சங்கிலியைப் பற்றி நீங்கள் சற்றுக் கவலைப்படத்தான் வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஜவ்வாது, ஏலகிரிச் சரிவுகளில் கழிந்தது. துப்பாக்கி பிடித்த பழைய தலைமுறையினர் சிலரிடமும், அவர்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டிய மலைக்காரர்கள் சிலரிடமும் நேரில் கேட்டவற்றையும், காட்டில் நானே பார்த்தவற்றையும் வைத்து எழுதுகிறேன்.

கரடி வேட்டை என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் வட அமெரிக்கக் கருங்கரடியின் கதைகள்தான் வரும். அது குளிர்காலம் முழுவதும் பொந்தில் உறங்குகிற விலங்கு. மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஓடிவிடும், அல்லது மரமேறிக்கொள்ளும். அங்கே பல மாநிலங்களில் இன்றும் உரிமம் பெற்று அதை வேட்டையாடி, இறைச்சியை உண்கிறார்கள். அந்தக் கதைகளை வைத்துத் தாத்தாவின் காலைப்பொழுதைக் கற்பனை செய்யாதீர்கள். நம் மலையின் கரடி முற்றிலும் வேறு.

நம் கரடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் இரை தேடி அலையும். வளர்ந்த ஆண் 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. உடம்பெங்கும் நீண்ட கரிய மயிர், மார்பில் வெளிறிய வளைவுக் குறி, முன்னங்கால்களில் நீண்டு வளைந்த நகங்கள். மேல்தாடையின் முன்வரிசையில் நடுவிலிருக்க வேண்டிய இரண்டு பற்கள் அதற்கு இல்லை. கறையான் புற்றை நகத்தால் உடைத்து, மண்ணை ஊதித் தள்ளி, உதடுகளைக் குவித்து அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். உறிஞ்சும்போது மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். அந்த ஓசை அமைதியான இரவில் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பழைய வேட்டைக்காரர்களுக்குக் கரடியை முதலில் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் இந்த ஓசைதான்.

மோப்பம் கூர்மை, கண்ணும் காதும் அவ்வளவாக உதவாது. புற்றில் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஆள் வருவது அதற்குத் தெரியவே தெரியாது. தெரிந்த நொடியில் ஆள் பத்தடி தூரத்தில் நிற்பான். அப்போது அது ஓடுவதில்லை, பாய்கிறது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய விலங்கு, ஓடித் தப்பும் உடலமைப்பும் அதற்கு இல்லை. காட்டோரத்தில் கரடி தாக்கிய செய்திகளைப் பார்த்தால், காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் இருக்கும். பள்ளிப் பருவத்தில் நாம் எல்லோரும் கேட்ட கதையில், செத்தவன் போல் படுத்தவனைக் கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதை நம்பி யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இனி அந்த விடியற்காலைக்கு வருவோம். கரடி இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பெரும்பாறைகளுக்கு இடையிலுள்ள நிழலான இடுக்குக்குத் திரும்பிவிடும். ஜவ்வாது மலையின் சரிவுகளில் இப்படிப்பட்ட பாறைக் குவியல்கள் நிறைய உண்டு. வேட்டைக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கரடி வருவதற்கு முன்பே அதன் வீட்டு வாசலுக்கு மேலே, காற்று தன் பக்கம் வீசும்படி அமர்ந்துகொள்வது. மேலே அமர்வதற்குக் காரணம் உண்டு. அடிபட்ட கரடி பெரும்பாலும் சரிவில் கீழ்நோக்கித்தான் பாயும். பொடிமண்ணைக் கிள்ளித் தூவிக் காற்றின் திசையைப் பார்ப்பார்கள். பீடி கூடாது, இருமல் கூடாது. மற்ற முறைகளும் இருந்தன. தப்பட்டை அடித்துக் காட்டைக் கலைத்துச் சுடுவது ஜமீன்தார்களும் வெள்ளை அதிகாரிகளும் செய்தது. அதற்கு ஆள்பலம் வேண்டும். குகை வாயில் புகை மூட்டி வெளியே வரவைப்பதும் உண்டு. குட்டியோடு இருக்கும் தாயும் அதில் அகப்படும் என்பதால் அதை நான் வேட்டை என்றே சொல்லமாட்டேன். ஐந்து செல் டார்ச் வந்த பிறகு, இரவில் கண்ணைக் கூசவைத்துச் சுடுவதும் பெருகியது. உங்கள் தாத்தா பாறைக்கு மேல் காத்திருந்தார் என்றால், இருந்த வழிகளில் நேர்மையானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஒரே குண்டு என்பதுதான் கடினமான பகுதி. கரடியின் மயிர் உடம்பைப் பெரிதாகக் காட்டும். முதல்முறை சுடுகிறவர் தெரிகிற கரிய உருவத்தின் நடுவைப் பார்த்துக் குறி வைப்பார்; குண்டு முதுகு மயிரைக் கலைத்துக்கொண்டு போய்விடும், அல்லது மேலே சதையில் பட்டு நின்றுவிடும். உயிர்நிலை அதைவிடத் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. விடியலின் மங்கிய வெளிச்சத்தில், நிழலுக்குள் நிழலாக வருகிற கருப்பு விலங்கில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு நிதானம் வேண்டும். தாத்தாவிடம் என்ன துப்பாக்கி இருந்தது என்று விசாரியுங்கள். நம் ஊர்ப்பக்கம் அன்று அதிகம் இருந்தவை பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் கொடுக்கப்பட்ட நாட்டுத் துப்பாக்கிகள்; வாய்வழியே கரிமருந்து கெட்டித்து, குண்டு போட்டு, கேப்பு வைத்துச் சுடுபவை. ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். அதனால் அதைப் பிடித்தவருக்கு ஒரே குண்டு என்பது பெருமையாக இல்லாமல் கட்டாயமாக இருந்திருக்கும். வசதியுள்ள குடும்பமாக இருந்தால், தோட்டா போட்டுச் சுடும் இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி இருந்திருக்கலாம். அதில் சிறு ஈயமணிகள் அடைத்த ரவைத் தோட்டா போட்டுக் கரடியைச் சுட்டவர்கள் விலங்கைக் காயப்படுத்தி அனுப்பினார்களே தவிர வீழ்த்தவில்லை. ஒற்றைக் குண்டுத் தோட்டா வேண்டும்.

காயப்பட்ட கரடியைப் பற்றி எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அது மனிதன் அலறுவது போலவே அலறும். பக்கத்தில் இன்னொரு கரடி இருந்தால், தன்னை அடித்தது அதுதான் என்று எண்ணி அதன்மேல் பாயும். இந்த அலறலைக் கேட்ட பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை என்று சொன்ன முதியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். தாத்தா முதல் கரடிக்குப் பிறகு இன்னொன்றைச் சுட்டாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கதையில் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்தப் பாறை இடுக்கில்தான் கரடி படுக்கிறது என்று தாத்தாவுக்கு யார் காட்டினார்?

ஆலங்காயத்திலிருந்து மலையேறுகிற ஒருவருக்கு அது தானாகத் தெரியாது. ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்புபடுத்திக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; இவர்கள் தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்து, தேன் எடுத்து, புளி உலுக்கி வாழ்ந்தவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் தோல் பதனிடக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தேவைப்பட்ட காலத்தில், அவற்றைக் காட்டிலிருந்து சேகரித்துக் கொடுத்தவர்களும் இத்தகைய மலைமக்கள்தாம். தேனுக்கும் இலுப்பைப் பூவுக்கும் நாவற்பழத்துக்கும் இவர்கள் போகிற இடங்களுக்குத்தான் கரடியும் போகும். எனவே கரடி எந்த மாதம் எங்கே இருக்கும் என்பது இவர்களுக்கு உயிர்காக்கும் அறிவு.

அந்த அறிவு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். கரடியின் பின்னங்கால் தடம் மனிதக் காலடியை ஒத்திருக்கும். முன்னங்கால் தடத்தில் விரல்களுக்கு வெகு முன்னால் நகக் குத்துகள் தனியாக விழுந்திருக்கும். பன்றி கிளறினால் மேல்மண் மட்டும் புரண்டிருக்கும். எறும்புதின்னி தோண்டினால் துளை ஒழுங்காக வட்டமாக இருக்கும். கரடி தோண்டினால் புற்றின் ஒரு பக்கமே இடிந்து, மண்கட்டிகள் நாலாபுறமும் சிதறிக் கிடக்கும். எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பார்ப்பார்கள். கொன்றை விதையா, இலந்தைக் கொட்டையா, கறையான் தலைகளா என்பதிலிருந்து அது நேற்று எந்தச் சரிவில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். கோடையில் சுனைகள் வற்றும்போது, மிச்சமிருக்கிற ஒரே சுனைக்கு எந்த வழியாக இறங்கும் என்பதும் தெரியும். பாறைக்கு மேலே எந்த இடத்தில் அமர்ந்தால் விடியற்காலைக் காற்று சாதகமாக இருக்கும் என்பதையும் அவர்தான் சொல்லியிருப்பார். தாத்தாவின் பங்கு, அந்த வழிகாட்டி கொண்டுபோய் அமர்த்திய இடத்தில் அசையாமல் இருந்ததும், விசையைச் சரியாக அழுத்தியதும். அது சிறிய காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேட்டையின் பெரும்பகுதி, துப்பாக்கி தோளுக்கு ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இந்த மலைகளைப் பொறுத்தவரை இது புதிய ஏற்பாடும் அல்ல. மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டின் தலைவனான மன்னன் நன்னனின் நாடு நம் பழைய வட ஆர்க்காட்டுச் செங்கம் பகுதிதான். அதில் வருகிற சேயாறு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் செய்யாறு. மலைவழி தெரிந்த ஒருவர் தெரியாத கூத்தர்களுக்குச் சொல்கிற பாட்டு அது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காக நுழைவழிதோறும் கல்பொறிகள் வைத்திருக்கிறார்கள், ஆகவே பொழுது விடிந்த பிறகு நடங்கள் என்று எச்சரிக்கிறது. நன்னனின் அரண்மனை வாசலில் மலைமக்கள் கொண்டுவந்து குவித்தவற்றில் வளைந்த பாதமுள்ள கரடிக்குட்டியும் ஒன்று. நடக்கத் தொடங்கிய கரடிக்குட்டியின் உள்வளைந்த பாதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புலவர் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பது புரியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

குட்டி என்றதும் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. தாத்தாவின் வேட்டை எந்த மாதத்தில் நடந்தது? நம் பகுதியில் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் கரடி குட்டி போடும், வழக்கமாக இரண்டு. சில வாரங்கள் தாய் குகையைவிட்டு அதிகம் நகராது. பிறகு குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மேயப் போகும். கரடி இனங்களில் இப்படிக் குட்டியை முதுகில் சுமப்பதை வழக்கமாகக் கொண்டது நம் கரடிதான். தாயைச் சுட்டால் குட்டி பிழைக்காது, அல்லது வித்தை காட்டுகிறவர் கைக்குப் போய்ச் சேரும். மூக்கில் கயிறு கோத்து ஆடவைத்த அந்தக் கரடிகளைச் சிறுவயதில் நாம் கைதட்டி ரசித்திருக்கிறோம். அந்த வழக்கம் நாட்டில் 2009 வாக்கில்தான் முடிவுக்கு வந்தது.

சட்டத்துக்கு வருகிறேன். 1950களில் காப்புக்காட்டில் வேட்டையாட வனத்துறையின் அனுமதி வேண்டும். துப்பாக்கிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். இரண்டும் இருந்திருந்தால் தாத்தா செய்தது அன்றைய சட்டத்துக்கு உட்பட்டதே. பழைய காகிதங்களைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: திருப்பத்தூர்ப் பகுதி 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது, பிறகுதான் வட ஆர்க்காட்டில் சேர்ந்தது. 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகி, ஆலங்காயம் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1950களின் ஆவணம் என்றால் வட ஆர்க்காடு என்ற தலைப்பில்தான் தேட வேண்டும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் செய்த திருத்தத்தோடு உரிமம் வாங்கி வேட்டையாடும் ஏற்பாடே எடுக்கப்பட்டுவிட்டது. இன்று கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றி, நல்லெண்ணத்தோடு கொன்றால் மட்டும் குற்றமாகாது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. ஊர் கூடி முடிவெடுக்க முடியாது. இந்தக் கடுமை தேவை என்றே கருதுகிறேன். பித்தப்பைக்காகவும் கொழுப்புக்காகவும் தாயத்தில் அடைக்கும் மயிருக்காகவும் இந்த விலங்கை இன்றும் கொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து எந்தக் குழந்தையின் பயத்தையும் கரடி மயிர் போக்கியதில்லை.

இப்போது உங்கள் சங்கிலி. கரடியின் நகம், பல், தோல், மண்டையோடு எதுவானாலும் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். தாத்தா சட்டப்படி சுட்டார் என்பது மட்டும் போதாது. சான்றிதழ் உள்ள பொருள் வாரிசாக வந்தால், வந்த 90 நாட்களுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். முதலில் வீட்டில் சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரிடம் கலந்துகொண்டு, நீங்களாகவே மாவட்ட வன அலுவலரை எழுத்துமூலம் அணுகி ஒப்படைத்துவிடுவதே பாதுகாப்பானது. விற்கவோ, பரிசளிக்கவோ, திருமணத்தில் அணிந்து படமெடுத்துப் போடவோ கூடாது. இன்னொரு வாய்ப்பும் உண்டு: மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலி நகங்கள் பழைய நகைகளில் ஏராளம். உண்மையா போலியா என்பதை டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் போன்ற இடங்களின் ஆய்வகங்கள் சொல்லிவிடும். அந்த வேலையை வனத்துறையிடம் விட்டுவிடுங்கள்.

தாத்தாவின் கதையை முழுமையாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்த வழிகாட்டி யார் என்று கேளுங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும், புதூர்நாட்டுக்காரரா, நெல்லிவாசல்நாட்டுக்காரரா, ஜமுனாமரத்தூர்ப் பக்கமா என்பதாவது தெரிந்திருக்கும். தேன் கொண்டுவருவார், தீபாவளிக்கு வேட்டி வாங்கிப் போவார் என்று யாராவது சொல்வார்கள். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பஸ் இருக்கிறது. மேலே போய், பழைய ஷிகாரிகளோடு காட்டுக்குப் போனவர்களின் குடும்பம் எது என்று ஊர்ப் பெரியவர்களிடம் மரியாதையாக விசாரித்தால் சொல்வார்கள். அந்தக் காலையில் பாறைமேல் இரண்டு பேர் இருந்தார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் வீட்டிலும் இந்தக் கதை இருக்கும். அங்கே அதைச் சொல்கிற முறை வேறாக இருக்கும். அந்த வடிவத்தையும் கேட்டு எழுதி வையுங்கள்.